ஒரு மூச்சில் எத்தனை கிழமை

கஸ்தூரிக் கண்ணு,

இங்கே எல்லாரும் சௌக்கியம், அங்கே நீ சௌக்கியமா என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். எனக்கு அந்த முதல் வரியே வரமாட்டேன் என்கிறது. நான் சௌக்கியமா என்று கேட்பதும், நீ சௌக்கியம் என்று பதில் போடுவதும், அதை உன் பெரியப்பா கூடத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பதும், நாங்கள் எல்லாரும் தலையாட்டுவதும் போதும் போதும் என்றாகிவிட்டது. கல்யாணத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது. உன்னை விழுப்புரத்தில் உன் மாமா வீட்டில் கொண்டுபோய் விட்டு ஒரு மாதம் ஆகிறது. "மண்டியில மல்லாட்ட வந்து குவியுது, தூசு கெளம்பும், முகூர்த்தம் வரைக்கும் பொண்ணு அங்கயே இருக்கட்டும்" என்று உன் பெரியப்பா சொன்னபோது, அடடா, தம்பி மகள்மேல் எவ்வளவு அக்கறை என்று கேட்டவர்கள் நினைத்திருப்பார்கள். அக்கறையும் இல்லை, ஒன்றும் இல்லை. திண்டிவனத்துச் சம்பந்தி வீட்டார் யாராவது திடுதிப்பென்று வந்து நின்றால் உன் மூச்சிழுப்புச் சத்தம் அவர்கள் காதில் விழுந்துவிடக் கூடாது. அதற்காகத்தான் உன்னை ஊர் கடத்தினார்கள். நானும் பெட்டியில் உன் புடவையை மடித்து வைத்து அனுப்பினேன், பெரிய மகராசி மாதிரி.

இந்தக் கடிதத்தை உன்னைத் தவிர இன்னொருவரும் படிக்கப் போகிறார். யார் என்று கடைசியில் சொல்கிறேன், அவசரப்பட்டுப் பக்கத்தைப் புரட்டாதே. அவருக்கும் புரிய வேண்டும் என்பதால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் விளக்கிச் சொல்வேன், பொறுத்துக்கொள். செஞ்சிக் கடைத்தெருவில் முன்பக்கம் நம் மல்லாட்டை மண்டி, நிலக்கடலை வியாபாரம், அதன் பின்னால் வீடு. கூடத்தைத் தாண்டி, மண்டியைத் தாண்டித்தான் தெருவுக்குப் போக வேண்டும். மண்டியில் எந்நேரமும் ஆண்கள் இருப்பார்கள், அதனால் வீட்டுப் பெண்கள் அந்தப் பக்கம் தலை காட்டக் கூடாது. கொல்லையில் ஒரு கதவு உண்டு. மூட்டை திருடு போகிறது என்று அதற்குப் பெரியப்பா பூட்டுப் போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டிருந்தார். கல்யாணமாகி வந்த புதிதில் மொட்டைமாடியில் துணி உலர்த்தப் போனால் கோட்டையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அதற்காவது வேலூர் வாசல், புதுச்சேரி வாசல் என்று இரண்டு இருக்கிறது, நமக்கு ஒன்றுகூட இல்லையே என்று தோன்றும். அப்புறம் நீ பிறந்தாய், பார்க்க நேரமில்லாமல் போயிற்று.

உனக்கு நாலு வயதில் முதல் இழுப்பு வந்தது. மண்டியில் மல்லாட்டை உடைக்கிற மிஷின் ஓடும் நாட்களில் அதிகமாக வரும். பொட்டைக் குழந்தைக்கு இழுப்பு என்று வெளியே தெரிந்தால் உனக்கு மட்டும் இல்லை, இந்த வீட்டுப் பெண்கள் யாருக்குமே வரன் வராது என்று பேச்சு. எனவே வீட்டுக்குள் ஒரு வழக்கம் ஏற்பட்டுவிட்டது. உனக்கு இழுக்க ஆரம்பித்ததும் தெருப்பக்க ஜன்னலைச் சாத்துவோம். கூடத்துக் கதவைச் சாத்துவோம். யாராவது வந்திருந்தால் உன்னை உள்ளறைக்குக் கொண்டுபோய் அந்தக் கதவையும் சாத்துவோம். காற்றுக்குத் தவிக்கிற பிள்ளைக்கு வீடு முழுக்கக் கதவைச் சாத்திய புத்திசாலிகள் நாங்கள். நீ மூச்சை அடக்கிக்கொண்டு, மெல்ல மெல்ல, சத்தம் வராமல் விடக் கற்றுக்கொண்டாய். யார் கற்றுக்கொடுத்தது? நான்தான். "கண்ணு, ஆளு வந்திருக்காங்க, சத்தம் போடாம இரு, அம்மா கமர்கட்டு தர்றேன்" என்பேன். நீ சத்தம் போடாமல் இருப்பாய். நானும் கமர்கட்டு தருவேன்.

இழுப்பு எவ்வளவு கடுமை என்று எங்களுக்கு அளக்கத் தெரிந்தது ஒரே வழிதான்: காது. சத்தம் பெரிதாகக் கேட்டால் அதிகம், குறைந்தால் தேவலை, நின்றுவிட்டால் சரியாகிவிட்டது. உன் பெரியப்பா வந்து உன் முதுகில் காதை வைப்பார். அவர் காதுக்கு இந்தப் பக்கமெல்லாம் மரியாதை உண்டு. மேல்சித்தாமூரிலிருந்தும் சிங்கவரத்திலிருந்தும் வண்டி வண்டியாய் மல்லாட்டை வந்து இறங்கும். அவர் ஒரு கைப்பிடி அள்ளிக் காதருகே வைத்துக் குலுக்குவார். கலகலவென்று சத்தம் வந்தால் நன்றாகக் காய்ந்த காய், எடுத்துக்கொள்வார். சத்தமில்லாமல் கிடந்தால் உள்ளே ஈரம், மூட்டை கட்டினால் அழுகிவிடும் என்று வண்டியைத் திருப்பிவிடுவார். தராசு தப்பினாலும் அவர் காது தப்பாது என்பார்கள். அந்தக் காதைத்தான் உன் முதுகில் வைத்து, "சத்தம் கொறைஞ்சிடுச்சி, போ" என்று சொல்லிவிட்டு எழுந்து போவார். நாங்களும் நம்பினோம்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். இதுவரை நீயும் நானும் இதை உட்கார்ந்து பேசியதே இல்லை. அறுபதாம் வருஷம், தை மாதம், உனக்கு ஒன்பது வயது. உன் பெரியப்பா மகள் சரோஜாவைப் பெண் பார்க்க ஆரணியிலிருந்து வாடகைக் கார் வைத்துக்கொண்டு ஆறு பேர் வருவதாக இருந்தது. உன் நைனா முதல் நாளே கொள்முதலுக்கு அவலூர்பேட்டை போய்விட்டார். விடிந்ததிலிருந்தே உனக்கு இழுப்பு. பத்து மணிக்கு உன் சத்தம் கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கேட்டது. பெரியப்பா வந்து பார்த்துவிட்டு, "இன்னா செய்வியோ எனக்குத் தெரியாது, அவங்க கார் ஏறுற வரைக்கும் இது வெளிய வரக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் உன்னைத் தூக்கிக்கொண்டுபோய்க் கடைசியில் இருக்கிற சாக்கு அறையில், காலிச் சாக்கு அடுக்கின்மேல் உட்காரவைத்தேன். நூறு சாக்கின் தூசு அதற்குள் இருந்தது. ஓமத்தைத் துணியில் கட்டி உன் கையில் கொடுத்தேன். நீ என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, கதவத் தொறந்து வையிம்மா" என்றாய். அதைக்கூட நீ ஒரேயடியாகச் சொல்லவில்லை. "அம்மா" என்று சொல்லி ஒரு மூச்சு, "கதவ" என்று சொல்லி ஒரு மூச்சு. அது எனக்குக் கேட்டது, ஆனால் உறைக்கவில்லை.

வெளியே தாழ்ப்பாள் போட்டது பெரியப்பா என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். ஒரு தடவை நீ அப்படிச் சொன்னபோது நான் மறுக்கவில்லை. கண்ணு, தாழ்ப்பாள் போட்டது நான். நீ வெளியே வரக் கூடாது என்றுதான் அவர் சொன்னார், தாழ்ப்பாள் போடு என்று சொல்லவில்லை. இதோ, எழுதிவிட்டேன்.

ஆரணிக்காரர்கள் வந்தார்கள். கேசரி, பஜ்ஜி, காப்பி என்று நான் அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் அடுக்களைக்குத் திரும்பும்போது சாக்கு அறைப் பக்கம் காதைத் திருப்புவேன். முதல் தடவை, எண்ணெய் போடாத ராட்டினம் மாதிரி உன் சத்தம் கேட்டது. இரண்டாம் தடவை கொஞ்சம் குறைந்திருந்தது. மூன்றாம் தடவை சத்தமே இல்லை. எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? அப்பாடா என்றிருந்தது! பிள்ளையாரப்பா, உனக்கு ஒரு தேங்காய் என்று வேண்டிக்கொண்டேன். தூங்கிவிட்டாய் போலிருக்கிறது, எழுப்ப வேண்டாம் என்று கூடத்துக்குப் போய் அவர்களுக்கு இரண்டாவது தடவை காப்பி ஊற்றினேன். மாப்பிள்ளையின் அம்மா காப்பி நன்றாக இருக்கிறது என்றார். நான் சிரித்தேன். என் பிள்ளை உள்ளே செத்துக்கொண்டிருக்கிறாள், நான் வெளியே நின்று சிரித்துக்கொண்டிருக்கிறேன். நான் மனுஷியா? இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காப்பி இறங்காது.

உனக்குக் கொஞ்சம் கேசரி எடுத்துக்கொண்டு போய்த் தாழ்ப்பாளைத் திறந்தேன். நீ தூங்கவில்லை. இரண்டு கையையும் சாக்கில் ஊன்றி, தோள் இரண்டும் காதைத் தொடுகிற மாதிரி உயர்ந்து, முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தாய். வாய் திறந்திருந்தது, சத்தம் இல்லை. தொண்டைக்குக் கீழே ஒரு குழி விழுந்து விழுந்து எழுந்தது, அதில் ஒரு சுண்டைக்காயை வைக்கலாம், அவ்வளவு பள்ளம். விலா எலும்புகளின் நடுவில் சதை உள்ளே போயிற்று. மார்பு உள்ளே போனால் வயிறு வெளியே வந்தது. உதடு நாவற்பழம் தின்ற மாதிரி இருந்தது. "கஸ்தூரி, அம்மாடி" என்று கூப்பிட்டேன். கண் என்னைப் பார்த்தது, ஆனால் நான் யார் என்று அதற்குத் தெரியவில்லை. உன் மார்பில் காதை வைத்தேன். காலி வீட்டில் காதை வைத்தது போல் இருந்தது. 

உன்னை வாரிக்கொண்டு கொல்லைக்கு ஓடினேன். பூட்டு. அதை ஒரு கையால் இழுத்து இழுத்துப் பார்த்தேன், என்னமோ இழுத்தால் திறந்துகொள்ளும் என்கிற மாதிரி. வேறு வழியில்லை, கூடம்தான். ஆறு பேர் முன்னால், தலைவிரி கோலமாய், நீலம் பாரித்த பிள்ளையை இடுப்பில் போட்டுக்கொண்டு நான் வந்து நின்றேன். சரோஜா மட்டும் எழுந்தாள். உன் பெரியப்பா என்னை மறித்தார். "இன்னா இது? எங்க கௌம்புற? சத்தமே இல்லியே, தூங்கற கொழந்தையத் தூக்கிக்கினு... உள்ள போ" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். பன்னிரண்டு வருஷத்தில் நான் அவர் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றைக்கு எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை. "மாமா, சத்தம் போடாத மல்லாட்டய நீங்க வாங்குவீங்களா? உள்ள அழுவுதுன்னு வண்டியத் திருப்புவீங்க இல்ல? வழிய விடுங்க" என்றேன்.  மாப்பிள்ளையின் அம்மாதான் முதலில் நகர்ந்தார். "அய்யோ, கொழந்த ஒதட்டப் பாருங்க! டிரைவரக் கூப்டு, டேய், கார எடுக்கச் சொல்லு" என்று கத்தினார். மண்டி ஆட்கள் எல்லாரும் பார்க்க, மல்லாட்டைக் குவியலை மிதித்துக்கொண்டு நான் தெருவுக்குப் போனேன். பட்டப்பகல் பன்னிரண்டு மணி. கண் கூசியது.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் இருந்தார். கோபக்காரி. உன்னைப் படுக்கவைக்கப் போன என் கையைத் தட்டிவிட்டு, உட்காரவைத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். மூக்குக்குக் காற்றுக் குழாய் வைத்தார், ஊசி போட்டார். "எப்பலேர்ந்து?" என்றார். "விடியலேர்ந்து இழுப்பு டாக்டரம்மா, ஆனா நடுவுல தேவலையாயிடுச்சி, சத்தம் நின்னுடுச்சி..." என்றேன். அவர் உன் கையைப் பிடித்தபடியே என்னைத் திரும்பிப் பார்த்தார். "சத்தம் நின்னா தேவலைன்னு யாரும்மா சொன்னது? காத்து உள்ள போய் வந்தாத்தானே சத்தம் வரும்? காத்தே போவல, எங்கேர்ந்து வரும்? நீ இன்னும் ஒரு வாட்டி காப்பி போட்டிருந்தா கத முடிஞ்சிருக்கும்" என்றார். காப்பி போட்டதை நான்தான் உளறியிருந்தேன்.

இரண்டாவது ஊசிக்குப் பிறகு எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. உன் நெஞ்சிலிருந்து கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. அப்புறம் இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் உன் பழைய இழுப்பு முழுசாகத் திரும்பி வந்துவிட்டது, வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி. எனக்கு மறுபடியும் பயம் வந்து டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். அவர் முதல் தடவையாகச் சிரித்தார். "கேளு, நல்லா கேளு. இது வர்றதுக்குத்தான் இவ்ளோ நேரமா காத்திருந்தேன்" என்றார். ஐந்து வருஷமாக எந்தச் சத்தத்தை அடக்கு அடக்கு என்று உன்னை அதட்டினேனோ, அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் தேம்பித் தேம்பி அழுதேன்.

மறுநாள் அவர் உன்னிடம், "ஒரே மூச்சுல கிழமையெல்லாம் சொல்லு பாக்கலாம்" என்றார். நீ ஞாயிறு, திங்கள், செவ்வாய் வரை வந்து நின்றாய். சாயங்காலம் வியாழன் வரை வந்தாய். அனுப்புகிற அன்று சனி வரை சொல்லிவிட்டு இன்னொரு ஞாயிறும் சேர்த்துச் சொல்லி எங்களைப் பார்த்துச் சிரித்தாய். அன்றிலிருந்து அதுதான் நமக்கு அளவு. வாரம் முழுக்க வந்தால் லேசு, வெந்நீர் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கலாம். புதன், வியாழனில் நின்றால் மாத்திரை போட்டுக்கொண்டு, கூடவே ஆள் இருக்க வேண்டும், கொஞ்ச நேரத்தில் ஏறாவிட்டால் ஆஸ்பத்திரி. ஞாயிறு என்பதற்கே மூச்சு வாங்கினால் பேச்சே கிடையாது, ஓட வேண்டியதுதான். எதுவும் சொல்லாமல் சும்மா பார்த்தால், அசதியாய்க் கண் செருகினால், ஓடுவதற்கே நேரம் பிந்திவிட்டது என்று நினைத்துக்கொண்டு ஓட வேண்டும். அன்றைக்கு நீ "அம்மா", "கதவ" என்று துண்டு துண்டாகச் சொன்னபோதே எனக்கு இது தெரிந்திருந்தால், நான் தாழ்ப்பாளைத் தொட்டிருக்கவே மாட்டேன்.

ஆரணிக்காரர்கள் ஜாதகம் சரியில்லை என்று சொல்லியனுப்பினார்கள். கார் கொடுத்து உன் உயிரைக் காப்பாற்றியதும் அந்த அம்மாதான், இந்த வீட்டில் பெண் எடுக்க வேண்டாம் என்றதும் அந்த அம்மாதான். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உன் பெரியம்மா என்னிடம் ஒன்றரை வருஷம் பேசவில்லை. சோறு போடும்போது கரண்டியால் பேசுவார், டங்கென்று ஒரு அடி. சரோஜாவுக்கு அப்புறம் நல்ல இடத்தில் ஆகி, இன்று மூன்று பிள்ளைகளோடு குறையில்லாமல் இருக்கிறாள். ஊருக்கு வந்தால் முதலில் என்னிடம் வந்து, "சித்தி, நீ அன்னிக்குச் செஞ்சது சரிதான்" என்று காதில் சொல்லிவிட்டுத்தான் தன் அம்மாவிடம் போவாள். அதுவும் காதில்தான் சொல்ல வேண்டியிருக்கிறது இந்த வீட்டில்.

உன் நைனாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அண்ணன் எதிரே உட்காரக்கூட மாட்டார், உனக்குத் தெரியுமே. அவலூர்பேட்டையிலிருந்து வந்து விஷயம் கேட்டபோது யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதென்ன ஆம்பளை என்று நினைத்தேன், நினைத்தது மட்டுமல்ல, சொல்லவும் சொன்னேன். நாலு நாள் கழித்து அரிசிப் பானையில் கையை விட்டால் ஒரு சாவி கிடந்தது. கொல்லைக் கதவுச் சாவி, புதிதாக அடித்தது. எப்போது அண்ணன் இடுப்பிலிருந்து எடுத்தார், எங்கே கொடுத்து அடித்தார், இன்றுவரை கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அப்புறம் ஆறு தடவை அந்தக் கதவு வழியாக உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறேன்.

அந்தக் கிழமைக் கணக்கில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் வந்துவிட்டது. கூடத்தில் பத்துப் பேர் இருக்கும்போது, "கஸ்தூரி, இன்னைக்கு இன்னா கெழம?" என்று அடுக்களையிலிருந்து கேட்பேன். நீ உள்ளுக்குள் சொல்லிப் பார்த்து, மூச்சு எட்டிய கிழமையை மட்டும், "வெள்ளிம்மா" என்பாய். ஒருவருக்கும் விளங்காது. உன் பெரியம்மாகூட ஒரு தடவை, "இந்தப் பொண்ணுக்குக் காலண்டரே பாக்கத் தெரியல, செவ்வாக்கெழமய வெள்ளிங்குது" என்று தலையில் அடித்துக்கொண்டார். நாம் இரண்டு பேரும் சிரித்தோம். ஆனால் கண்ணு, நாம் அங்கேயும் ஒளித்துத்தானே வைத்தோம்? கதவைச் சாத்துவதற்குப் பதிலாகக் கிழமையைச் சொல்லி ஒளித்தோம். அதன் பலன் உனக்குப் பதினாலு வயதில் தெரிந்தது. சிங்கவரம் கோயிலுக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம், கூட ஏதோ வரன் விஷயமாகப் பெரியப்பாவைப் பார்க்க வந்தவர்களும் இருந்தார்கள். படி ஏறி முடித்ததும் உன்னைக் கேட்டேன். "சனிம்மா" என்றாய். ஒரு வார்த்தைதான் சொன்னாய், அதற்கு மேல் சொல்ல உன்னிடம் காற்று இல்லை. சந்தேகப்பட்டுத் தாவணியை விலக்கிப் பார்த்தால் தொண்டைக்குழி உள்ளே போய் வந்துகொண்டிருந்தது. செவ்வாய்கூட வந்திருக்காது உனக்கு. யாருக்காகப் பொய் சொன்னாய்? ஆளு வந்திருக்கிறார்கள் அல்லவா, அதற்காக. நான் கமர்கட்டு கொடுத்துச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவு நன்றாகப் பதிந்திருந்தது.

அதற்குப் பிறகு நான் காதால் கேட்டதை நம்புவதில்லை, பார்த்ததைத்தான் நம்புகிறேன். நாளைக்கு உனக்குக் குழந்தை பிறக்கும். அதற்கும் இது வரலாம், வராமலும் போகலாம். வந்தால் முதலில் சட்டையைக் கழற்று. தொண்டைக்குழியைப் பார், விலாவைப் பார், மூக்கு விடைக்கிறதா பார், உதட்டையும் நகத்தையும் வெளிச்சத்தில் பார். பேசத் தெரியாத குழந்தை கிழமை சொல்லாது. அது இரண்டு வாய் பால் குடித்துவிட்டு மூச்சு வாங்க விட்டுவிடும், மறுபடி பிடிக்காது. அழுகிற குழந்தை அழ முடியாமல் நிறுத்திவிட்டால் சமத்தாகிவிட்டது என்று நினைக்காதே. படுக்க மாட்டேன் என்று உட்கார்ந்தால் படுக்கவைக்காதே. யார் வந்திருந்தாலும் ஜன்னலைத் திற. புகுந்த வீட்டில் காலை வைத்த அன்றே கொல்லைக் கதவு எங்கே இருக்கிறது, சாவி யாரிடம் இருக்கிறது என்று பார்த்து வை. விளக்கேற்றுவதெல்லாம் அப்புறம்.

ஆனால் உனக்கு வந்தால் யார் பார்ப்பார்கள்? இந்தக் கேள்விதான் ஒரு மாதமாக என்னை உட்காரவிடாமல் அடிக்கிறது. நிச்சயம் ஆன அன்று உன் பெரியப்பா பூஜை அறையில் கற்பூரத்தை ஏற்றி, என்னையும் உன் நைனாவையும் நிற்கவைத்து, இழுப்பைப் பற்றி அந்த வீட்டாரிடம் வாய் திறக்க மாட்டோம் என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். நான் கையை நீட்டினேன். சரோஜா விஷயத்தில் அவர்கள் பட்டது போதும் என்று நினைத்தேன், உன் கல்யாணமும் நின்றுவிடுமோ என்ற பயமும்தான். அன்றிலிருந்து எனக்கே மூச்சு முட்டுகிறது. நீ அந்த வீட்டில் ஏதாவது ஒரு கடைசி அறையில் உட்கார்ந்து, புது மனிதர்கள் காதில் விழாமல் மெல்ல மெல்ல மூச்சு விடுவாய். கூடத்தில் யாராவது காப்பி குடித்துக்கொண்டிருப்பார்கள். பொண்ணு ரொம்ப அடக்கம், இருக்கிற இடமே தெரியவில்லை என்று உன் மாமியார் பெருமையாகச் சொல்வார். சத்தமில்லாமல் இருக்கப் பழக்கியவள் நான். அதனால் நீ செத்துப்போனால், கற்பூரத்தைத் தொட்ட இந்தக் கைதான் கொன்றது.

நிச்சயத்தன்று மாப்பிள்ளை உன்னிடம், எது வரைக்கும் படித்தாய் என்று கேட்டார், ஞாபகம் இருக்கிறதா? நீ வாய் திறப்பதற்குள் பெரியப்பா பதில் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே, "பொண்ணு சொல்லட்டுங்களே" என்றார். அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். நாளைக் காலை முதல் பஸ்ஸில் உன் நைனா திண்டிவனம் போகிறார், பந்தல் விஷயம் பேச என்று வீட்டில் சொல்லியிருக்கிறார். பந்தலும் இல்லை, ஒன்றும் இல்லை. இந்தக் கடிதத்தை மாப்பிள்ளை கையில் கொடுத்து, அவர் படித்து முடிக்கிற வரை எதிரே உட்கார்ந்திருக்கப் போகிறார். அப்புறம் இதை வாங்கிக்கொண்டு ரயில் ஏறி விழுப்புரம் வந்து உன்னிடம் கொடுப்பார். கல்யாணம் நின்றால் நிற்கட்டும். பெரியப்பா என்னை என்ன செய்ய வேண்டுமோ செய்துகொள்ளட்டும், இதற்கு மேல் சாத்துவதற்கு இந்த வீட்டில் கதவு இல்லை. தம்பி, இதைப் படித்துக்கொண்டிருக்கிற உங்களுக்கும் சொல்கிறேன்: என் பெண் நல்லவள், கெட்டிக்காரி, வருஷத்தில் பதினோரு மாதம் உங்களைவிட நன்றாக ஓடுவாள். வேண்டாம் என்றால் ஜாதகத்தின்மேல் பழி போடாமல் அவள் நைனாவிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். வேண்டும் என்றால் அந்தக் கிழமைக் கணக்கை மனப்பாடம் பண்ணிக்கொள்ளுங்கள்.

இதை எழுதி மடித்து, உறையில் போட்டு, ஒட்டுவதற்காக ஒரு சோற்றுப் பருக்கையை எடுத்தேன். மூடுவது என்றால் என் கை தானாக ஓடுகிறது பார். உன் நைனா இவ்வளவு நேரம் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தவர், என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "ஒட்டாத. பஸ்ஸுல எவன் படிச்சாலும் படிக்கட்டும்" என்றார். இருபது வருஷத்தில் அவர் இவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. கூடத்தில் பெரியப்பா இருந்தார், அவருக்கும் கேட்டிருக்கும். மறுபடி வெளியே எடுத்துத்தான் இந்தக் கடைசி வரிகளை எழுதுகிறேன்.

மாப்பிள்ளை என்ன சொன்னார் என்பதை நைனா உனக்குச் சொல்வார். அதைச் சொல்வதற்கு முன்னால் அவர் ஒன்று கேட்பார், நான் கேட்கச் சொல்லியிருக்கிறேன். உன் மாமா, அத்தை, அக்கம்பக்கத்தார் எல்லாரும் கூடத்தில் இருந்தாலும் சரி, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, எத்தனை வருகிறதோ அத்தனையும் வாய்விட்டுச் சொல். இன்றைக்கு என்ன கிழமை, கண்ணு?

உன் அம்மா